ஒரு வயர்கூடத் தெரியக் கூடாது

வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. கணக்காளர் தரையில் மல்லாந்து கிடந்தார். மீசையெல்லாம் சிமெண்டுத் தூசி. சுவரில் அவர் வெட்டியிருந்த பள்ளம் ஒரு முழம்கூட வராது.

"தைலம் எங்க இருக்கு?"

"உங்கப்பா ஆயுசு பூரா கல்லு உடைச்சாரு. ஒரு நாளும் தைலம் கேட்டதில்ல" என்றாள் மனைவி. "எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேனே."

"அவன் அடுத்த வாரம்தான் வருவானாம். நாளைக்கே சோதனைக்கு ஆள் வருது."

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் அறைகளைக் கம்பெனி நேரில் பார்க்கப்போகிறது. அறை லட்சணமாக இருந்தால் வீட்டிலேயே தொடரலாம். இல்லாவிட்டால் பழையபடி பஸ். ஒற்றைக்காலில் நின்று, அடுத்தவர் அக்குளுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு போகிற பஸ். போன வாரம் கணக்காளர் அனுப்பிய அறைப் படத்தில் வயர்க் குவியலைப் பார்த்து மேனேஜர், "மேஜைக்கடியில என்ன, காக்கா கூடு கட்டியிருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் கணக்காளர் சுத்தியலும் உளியும் வாங்கினார்.

சாயங்காலத்துக்குள் எப்படியோ பள்ளத்தை வெட்டி முடித்து வயர்களை உள்ளே படுக்கவைத்தார். எல்லாம் படுத்தன. கம்பெனி கொடுத்த லேப்டாப் சார்ஜர் மட்டும் படுக்கவில்லை. அதன் நடுவயிற்றுக் கறுப்புப் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது.

"அதை வெளியிலயே விடுங்களேன். ஒரு சார்ஜர் தெரிஞ்சா குடியா முழுகிடும்?"

"ஒரு வயர்கூடத் தெரியக் கூடாது!"

பெட்டிக்குத் தனியாகக் குழி தோண்டி, அடக்கம் செய்து, மேலே சிமெண்டைப் பூசினார். பூசி முடித்த பிறகுதான், வயரின் மறுமுனை விரல் நீளத்துக்குத்தான் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. செருகினால் லேப்டாப் மடி முட்டும் கன்றுக்குட்டி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டது. தட்டச்சு செய்ய அவர் சுவரைக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம் கோணலா உட்கார்ந்தா சரியாயிடும்."

"கோணலா உட்கார்ந்து கணக்கு எழுதுங்க. கணக்கும் அப்படியே வரும்."

காலையில் பார்த்தால், காயாத பூச்சு சுவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது. அதை மறைக்க ஒரு கடிகாரத்தை மாட்டலாமென்று ஆணி அடித்தார். ஆணி இரண்டாவது அடியிலேயே வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மூலையில் இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

"போச்சு. நெட் வயர்லயே அடிச்சிட்டீங்க."

"போகட்டும். அவங்க பார்க்கத்தானே வர்றாங்க? இங்க உட்கார்ந்து வேலை செய்யவா போறாங்க?"

மனைவி கடிகாரத்துக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். "ஏங்க, சுவரு சுடுது."

"சார்ஜர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவள் திரும்பி இடுப்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "இந்த வீட்டுல உங்களால எனக்குக் கிடைச்ச முதல் சுகம் இதுதான்."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. "ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன் சார். ரூமைக் காட்டுறீங்களா?"

"உங்களுக்காகத்தான் சார் காத்துக்கிட்டிருக்கோம்! இந்தா, சாருக்கு டீ கொண்டா!"

மனைவி சுவரை விட்டு வர மனமில்லாமல் வந்தாள்.

வந்தவர் அதிகம் பேசவில்லை. மேஜைமேலிருந்த கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பார்த்து வைத்தார். நாற்காலியை உருட்டிப் பார்த்தார். கதவின் அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"என்ன ஒரு நுணுக்கம் பார்த்தியா?" என்று கணக்காளர் மனைவியின் காதைக் கடித்தார். பிறகு உரக்க, "எப்படி சார் இருக்கு?" என்றார்.

"இவ்வளவு சுத்தமா எந்த வீட்டுலயும் பார்க்கல சார்."

கணக்காளருக்குத் தோள்வலி பறந்துவிட்டது. கையை வீசி அறை முழுவதையும் காட்டினார். "எங்கயாவது ஒரு வயர் தெரியுதா? சொல்லுங்க பார்ப்போம்!"

"தெரியலையே சார். அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்." வந்தவர் குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார்.

"கிடைக்காது சார்! நல்லாத் தேடுங்க! அப்போ சோதனையில நான் பாஸ்தானே?"

வந்தவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"என்ன சோதனை சார்? நான் வேன் டிரைவர். இனிமே எல்லாரும் ஆபீஸுக்கே வரணும்னு காலையிலயே மெயில் போட்டாங்களே, பார்க்கலையா? கம்பெனிப் பொருளையெல்லாம் திருப்பி ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்க. ஸ்க்ரீன் இருக்கு, நாற்காலி இருக்கு, லேப்டாப் இருக்கு. நீங்க தர வேண்டியது ஒரு சார்ஜர் மட்டும்தான் பாக்கி."