டேஞ்சர் நிற்கிற வழி

போர்டு மறுபடியும் விழுந்து கிடந்தது.

செல்லதுரை அதை நிமிர்த்திப் பார்த்தார். சிவப்புத் தகரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை: டேஞ்சர். அதன் மேல் சேறு அப்பியிருந்தது. ஓரத்தில் முரட்டுக் கறுப்பு முடி ஒட்டியிருந்தது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவர் சூப்பர்வைசர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளிலிருந்து கீழ்த்தோட்டத்துக்கு இறங்கும் குறுக்கு வழி, சோலைக்காட்டை ஒட்டி ஒரு இடத்தில் வளைந்து திரும்பும். அந்த வளைவில் ஒற்றைக் காட்டெருமை ஒன்று வந்து நிற்க ஆரம்பித்திருந்தது. தகரம் தட்டினார்கள், பட்டாசு போட்டார்கள். அது காதை மட்டும் அசைத்தது. எச்சரிக்கைப் போர்டு வைக்கும்படி மேனேஜர் சொன்னார். பங்களாவுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னார். வைத்த மறுநாளே எருமை அதைச் சாய்த்துவிட்டது.

கொழுந்து பறிக்கிற ஆண்டாயி கூடையோடு வந்து எட்டி நின்றாள்.

"டேஞ்சர் தள்ளிட்டுப் போயிட்டாருங்களா ஐயா?"

"யாரு?"

"அவருதான்." சோலைப் பக்கம் தாடையால் காட்டினாள். "வீட்டு வாசல்ல பேரு மாட்டுற மாதிரி நீங்கதானே எழுதி வச்சீங்க."

"அது பேரில்ல ஆண்டாயி. ஆபத்துன்னு அர்த்தம்."

"அப்படிங்களா," என்றாள் ஆண்டாயி. "பேரும் பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு."

இரண்டே நாளில் லயன் முழுவதும் அந்தப் பெயர் பரவிவிட்டது. 'டேஞ்சர் இன்னிக்கு எந்தப் பக்கம் இருக்காரு?' என்று கேட்டுவிட்டுத்தான் விறகுக்குப் போனார்கள். யாருமே 'அது' என்று சொல்லவில்லை. குறுக்கு வழியை அவருக்கு விட்டுவிட்டு, எல்லோரும் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். கொழுந்து எடைக்குத் தாமதமாக வந்தது. மேனேஜருக்குக் கோபம் வந்தது.

செல்லதுரை மரக்கம்பை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் நட்டு, அடியில் சிமென்ட் போட்டார். போர்டை அதில் முடுக்கினார்.

அன்று சாயங்காலம் மேட்டில் நின்று பார்த்தார். மூடுபனிக்குள் முதலில் நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் தெரிந்தன, முழங்கால் வரை காலுறை போட்ட மாதிரி. பிறகு பனி விலகியது. கருங்கல்லில் செதுக்கி எண்ணெய் பூசி வைத்தது போல ஒரு உடம்பு. முதுகின் மேடு செல்லதுரையின் தலைக்கு மேல் இருக்கும். அது நிதானமாக வந்து, கழுத்தை இரும்புக் குழாயில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தது. இந்த முறை குழாய் விழவில்லை. இத்தனை உறுதியான ஒன்றைத்தான் அது இவ்வளவு நாளாகத் தேடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் வந்தது.

செல்லதுரை குழாயைச் சுற்றி முள்கம்பி கட்டினார். எருமைக்கு அது இன்னும் சுகமாக இருந்தது. இப்போது அது அங்கேயே படுத்து அசை போடவும் தொடங்கியது.

வனத்துறை ஆபீசுக்குப் போன் செய்தார். ஜெகதீசன் என்ற வாட்சர் வந்து, வளைவுக்குக் கீழே ஒரு மரத்தில் கேமரா கட்டினார்.

"எப்ப வருது, எப்ப போகுதுன்னு கொஞ்ச நாள் பாக்கோணுங்க," என்றார்.

"அதான் போகவே மாட்டேங்குதுங்களே."

"அதையும் பாக்கோணுங்க," என்று சொல்லிவிட்டு ஜெகதீசன் பைக்கை எடுத்தார்.

கொஞ்ச நாள் என்றது ஒரு மாதமாக நீண்டது. ஒரு மத்தியானம், எருமை தண்ணீருக்கு இறங்கிய நேரம் பார்த்து, செல்லதுரை ஆள் வைத்துக் குழாயையே தோண்டி எடுத்துவிட்டார். சொறிய இடம் இல்லையென்றால் நிற்க வேலை இல்லை. குழாயையும் போர்டையும் தன் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து போட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி மெட்டில்டா அரவேணு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, காபி போட்டு, சமையலறையில் உட்கார்ந்தாள். அவள் அங்கே இங்கிலீஷ் டீச்சர்.

"ஏனுங்க, டேஞ்சர்ங்கற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"சோலையில இருந்து."

"வெளையாடாதீங்க. கிளாஸ்ல பிள்ளைங்க கேட்டாங்கன்னு அகராதியப் பாத்தேன். ஆதியில அதுக்கு ஆபத்துங்கற அர்த்தமே கிடையாது. லத்தீன்ல டொமினுஸ்னா எஜமான். அதுல இருந்து பிரெஞ்சுக்குப் போயி, அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கு. டேஞ்சர்னா எஜமானோட அதிகாரம். ஒருத்தரோட டேஞ்சர்ல இருக்கேன்னு சொன்னா, அவரு கைக்குள்ள இருக்கேன், அவரு வச்ச மாதிரிதான்னு அர்த்தம். அவரு நெனச்சா அழிக்கலாம். அந்தப் பயத்துலதான் பின்னால ஆபத்துன்னு மாறிப்போச்சு."

"அப்ப லயன்காரங்க 'அவரு இவரு'ன்னு சொல்றது சரிதான்னு சொல்றியா?"

மெட்டில்டா பதில் சொல்வதற்குள் வீடு அசைந்தது.

ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. காபி டம்ளர் மேஜையில் நகர்ந்தது. மறுபடி ஒரு அசைவு. வராந்தாத் தூண் முனகியது.

செல்லதுரை ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கினார். ஜன்னல் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அது நகர்ந்தபோதுதான் உடம்பு என்று புரிந்தது. தூணில் கழுத்தை அழுத்தி, மேலும் கீழும், அவசரமே இல்லாமல். பிறகு தலையைத் திருப்பியது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு கண். பழுப்பாக, ஈரமாக, கோபம் இல்லாமல் இருந்தது. அந்தக் கண்ணுக்குள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் சின்னதாகத் தானும் தெரிவதைச் செல்லதுரை பார்த்தார்.

மெட்டில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இருவரும் மூச்சு விடவில்லை. அது மூச்சு விட்டபோது கண்ணாடியில் ஆவி படிந்தது.

"எவ்வளவு அழகா இருக்குங்க," என்றாள் மெட்டில்டா, காற்று போன குரலில்.

செல்லதுரைக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது. நினைத்திருந்தால் அது இந்த வீட்டைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். சொறிந்துகொண்டு நின்றது, அவ்வளவுதான். இருட்டும் நேரத்தில் தேயிலைச் செடி ஒன்றும் ஒடியாமல் பாத்தி ஓரமாக நடந்து பனிக்குள் போனது.

தூண் சாய்ந்துவிட்டது. ஆனாலும் செல்லதுரைக்கு ஒரு நிம்மதி. குறுக்கு வழி காலியாகிவிட்டது.

காலையில் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் அவர் சொன்னார்.

"இன்னிலிருந்து எல்லாரும் குறுக்கு வழியிலயே போகலாம். பிள்ளைங்களையும் அனுப்புங்க. எருமை அங்க இல்ல."

"டேஞ்சர் கோவிச்சுக்க மாட்டாருங்களா?" என்று ஆண்டாயி கேட்டாள்.

"அவரை நான் பாத்துக்கறேன். நீங்க இறங்குங்க."

கூடைகளை மாட்டிக்கொண்டு அவர்கள் திரும்பிய நேரம், கீழே வளைவுப் பக்கமிருந்து ஜெகதீசன் மேலே ஓடி வந்தார். இரண்டு கையையும் விரித்து வழியை அடைத்து நின்றார்.

"யாரும் இறங்காதீங்க. ஏனுங்க, நிறுத்தச் சொல்லுங்க."

செல்லதுரை நிறுத்தினார். ஜெகதீசன் மூச்சு வாங்கியபடி போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். கேமராவில் விழுந்த படம். வளைவுக்குக் கீழே இருக்கும் பாறைச் சந்தும் அதன் வாயில் ஒரு கரடியும். முதுகில் இரண்டு குட்டிகள் தொற்றியிருந்தன. அடுத்த படத்தில் கரடி மேட்டில் ஏறுகிறது, மேலே நான்கு வெள்ளைக் கால்கள். அதற்கடுத்ததில் கரடி திரும்பி இறங்குகிறது. அதே மாதிரி இன்னும் எத்தனையோ. கடைசிப் படத்தில் மட்டும் கரடி குறுக்கு வழியின் நடுவில், குட்டிகளோடு, லயன் பக்கம் பார்த்து நின்றது.

ஆண்டாயி கூடையை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள்.

"மாசம் பூரா விழுந்த படத்த இப்பத்தான் எடுத்துப் பாத்தனுங்க," என்றார் ஜெகதீசன். "கரடி இந்த வழிக்கு ஏறுறப்பல்லாம் உங்க காட்டெருமைதான் குறுக்க நின்னு திருப்பி அனுப்பியிருக்குது, நேத்துச் சாயங்காலம் மட்டும் அது எங்க போச்சுன்னுதான் தெரியலைங்க."