துர்சன்பாயின் எடையில்லாக் கட்டில்

அந்த வசந்தத்தில் நம் ஊரை ஒட்டிய ஜெஸ்கஸ்கான் புல்வெளியில் விண்கலத்தில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் மறுநாளே மாஸ்கோவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களை வைத்துப் பிழைக்கக் கிளம்பிய துர்சன்பாய் எங்கேயும் போகவில்லை. ஊர் செய்த பாவம்!

அதுவரை ஆட்டுக்குச் சொறி மருந்து விற்றவன். கலத்திலிருந்து கழன்ற கருகிய தகடு ஒன்று கிடைத்ததாம். எடையே இல்லாத உலகத்தின் சக்தி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். கம்பளிக் கூடாரத்துக்குள் ஒரு கட்டில், தலைமாட்டில் அந்தத் தகடு. காலையில் படுத்தால் மதியம் முகம் முழுநிலா! நம் ஊரில் முகம் உருண்டையாக இருந்தால்தானே அழகு, ஆரோக்கியம், அந்தஸ்து எல்லாம். முகச் சுருக்கமும் கால் வீக்கமும் போன இடம் தெரியாது. எழுந்ததும் தலை சுற்றினால் அதற்கும் பதில் தயார்.

"வானத்துலேர்ந்து வந்தவங்களையே நாற்காலியில வச்சுத்தானே தூக்கிட்டுப் போனாங்க? சக்தி ஏறுதுன்னு அர்த்தம்!"

தட்சணை ஆளுக்கு ஓர் ஆடு. நோய் போனதோ இல்லையோ, ஆடு போனது நிச்சயம்.

ரைஹானின் கணவன் ஒராஸ்பெக்குக்கு இதயம் பலவீனம். சாயங்காலமானால் கால் வீங்கும். மனைவிக்குத் தெரியாமல் கட்டிலில் படுத்துவிட்டு, பூட்ஸ் லொடலொடக்க வீட்டுக்கு வந்தான். வந்ததும் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அள்ளி அடுப்பில் போட்டான்.

"உனக்கென்ன பைத்தியமாய்யா?" என்று கத்தினாள் ரைஹான்.

"காலைப் பாருடி! குச்சி மாதிரி ஆயிடுச்சு. இனிமே மாத்திரை எதுக்கு?"

மறுநாள் வீக்கம் முழங்கால் வரை ஏறியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. "இன்னொரு தடவ படுத்தா சரியாயிடும்" என்று மறுபடி கிளம்பினான். இந்த மனுஷன் செத்துத்தான் போவான் என்று பயந்து ரைஹானும் கூடவே போனாள்.

கூடாரத்தில் நிற்க இடமில்லை. ஒராஸ்பெக் படுத்தான். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உப்பியது, மூச்சுக்குத் திணறினான். "ஆகா, நிலா எழும்புது!" என்று கூட்டம் பூரித்தது.

யாரோ கொடுத்த தேநீர்க் கிண்ணத்தை ரைஹான் கட்டில் சட்டத்தில் வைத்தாள். தேநீர் தலைமாட்டுப் பக்கம் சாய்ந்து வழிந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. தொங்கிய கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். கால்மாட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்து இரண்டு செங்கல்!

"இது என்ன அண்ணே?"

"தரை பள்ளம்மா" என்றான் துர்சன்பாய்.

முதலில் புருஷனைத் தூக்கி உட்கார வைத்தாள். மூச்சு சீரானது. "வேலை செய்யறது தகடு இல்லய்யா, செங்கல்" என்றாள் அவனிடம். அந்த மகானுபாவனோ, "தகடு இல்லாம இது நடக்குமாடி? நடந்தா மாத்திரை முழுங்கறேன்" என்று சவால் விட்டான்.

"சரி. இந்தக் கட்டில்ல செங்கல் வேண்டாம், தகடு மட்டும் இருக்கட்டும். வெளியில செங்கல் வச்ச பலகை, தகடு கிடையாது. பாத்துடலாம்."

"சக்தியைச் சோதிக்கக் கூடாது!" என்று துர்சன்பாய் குதித்தான். ஆனால் கூட்டத்துக்கு வேடிக்கை என்றால் சக்தியாவது மண்ணாவது!

ஆட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த கல்ஜான் கட்டிலில் படுத்தாள். வத்தல் முகக்காரரான அவள் புருஷன் சாதிக் வெளியே பலகையில் படுத்தார்.

மதியம் கல்ஜான் எழுந்தாள். படுத்த முகம் அப்படியே இருந்தது. சாதிக் எழுந்தார். முகம் முழுநிலா! பூட்ஸ் தானாகக் கழன்றது. தள்ளாடி மனைவி மேலேயே சாய்ந்தார்.

"ஆடு குடுத்தது நானு, நிலா முகம் இந்த மனுஷனுக்கா!" என்று கல்ஜான் துர்சன்பாயின் சட்டையைப் பிடித்தாள்.

ரைஹான் புருஷனிடம் திரும்பினாள். "கலம் இறங்கினப்ப எல்லாரும் பாராசூட் கயிறு அறுக்க ஓடினீங்க. நான் அவங்களைத் தூக்கிட்டுப் போக வந்த டாக்டருக்குத் தேநீர் ஊத்திக்கிட்டுக் கேட்டேன். பூமி நம்ம ரத்தத்தையும் நீரையும் கால் பக்கம் இழுக்குதாம். மேல அந்த இழுப்பு தெரியாததால எல்லாம் முகத்துக்கு ஏறிடுதாம், கால் சூம்பிடுதாம். தலையைச் சாச்சுப் படுத்தா இங்கயும் அதேதான். எழுந்தா மறுபடி கீழ இறங்கிடும். நோய் எங்கய்யா போச்சு? ஓஞ்சுபோன உன் இதயத்து மேல கால்ல இருந்த தண்ணியையும் சேத்துக் கொட்டினா அது என்னத்துக்கு ஆகும்?"

ஒராஸ்பெக் தலை குனிந்தான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி" என்றான். அவள் கண் கலங்கிவிட்டது.

துர்சன்பாய் தகட்டை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான். புருஷனை வண்டியில் ஏற்றிவிட்டு ரைஹான் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அடித்துக்கொண்டிருந்தது. தகட்டுக்காக இல்லை.

"செங்கல்லுலதான் சக்தியே இருந்திருக்கு! ஒண்ணு எனக்கு!"

"அடப்பாவிகளா!" என்று கத்தினாள் ரைஹான். "உடம்புல இருந்த ரத்தமெல்லாம் தலைக்கு ஏறியும் உங்களுக்குப் புத்தி வரலையே! படுத்தது போதும். எழுந்து உக்காந்து கொஞ்சம் யோசிங்க!"