மூக்கு வைக்க மறுத்த மருத்துவருக்கு

கால்வாய்ச் சந்து,
தோன்புரி, பாங்காக்.

பெருமதிப்பிற்குரிய மருத்துவர் ஜிந்தனா அம்மையாருக்கு, கஞ்சிக் கடை தாவோன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் மருத்துவமனையும், அங்கே புது மூக்கு பெற்றுப் போனவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

போன வாரம் என் மகள் தங்களிடம் வந்தது மூக்கை எடுப்பாக்கிக்கொள்ள. தாங்கள் அளவெடுத்து, நாள் குறித்து அனுப்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "இந்த மூக்கைப் பாத்து முதல்ல சிரிச்சது யாரும்மா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லைப் பிடுங்கியபோதுகூட அழாத பெண் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். உடனே தாங்கள், "மூக்கை நான் மாத்திடுவேன். மாத்தின பிறகும் கண்ணாடி முன்னாடி நின்னு நீ அழுதேன்னா அதுக்கும் நான்தானே பொறுப்பு?" என்று சொல்லி, முதலில் மனநல ஆலோசகர் அம்மாவிடம் சில வாரம் பேசட்டும், அப்பாவும் வந்து உட்காரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். என் கடைக்கு வருகிறவரிடம் உமக்கு ஏன் பசிக்கிறது என்று நான் விசாரிப்பதுண்டா? கஞ்சியை ஊற்றி, முட்டையை உடைத்துப் போட்டு, இஞ்சியைத் தூவிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டில் கை வைக்காமல், "அப்பா, இனிமே என்னைச் சப்பைன்னு கூப்பிடாதீங்க" என்றாள். சப்பை அவளுடைய வீட்டுப் பெயர். எங்கள் சந்தில் யாருக்குத்தான் அப்படி இல்லை? எதிர்வீட்டுக் 'குண்டு' பள்ளி ஆசிரியை, என் தம்பி 'பன்னி' வங்கி மேலாளர், யாரும் இதற்காக அழுததில்லை. இவளுக்கு முன் பிறந்த பையன் எங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே போய்விட்டான். அழகான பிள்ளை என்று சந்தே வாய்விட்டுச் சொன்னது, ஆவிகள் கேட்டுக்கொண்டன. அதனால்தான் இவள் பிறந்ததும் தொட்டிலில் எட்டிப் பார்த்து, கூரைக்குக் கேட்கிற மாதிரி, "சீ, சப்பை மூக்கு" என்றேன். ஆவிகள் ஏமாந்தன, பிள்ளை தங்கியது. அந்தப் பெயர் காப்பாற்றிய உயிர் அது, அம்மையாரே. அதைப் போய் நான் கேலி செய்தேன் என்கிறாள். என் மனைவி ராம்பை வேறு, "ஏங்க, கொஞ்ச நாள் வாயை மூடிட்டுத்தான் இருங்களேன்" என்கிறாள். மூடினேன். "ஏய்", "இந்தா" என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். கஞ்சி குடிக்க வந்த ஒருவர், "சப்பை எங்க, ஆளையே காணோம்?" என்றார், கரண்டியை ஓங்கிவிட்டேன். அதிலிருந்து சந்தே பயந்து, "அதான், அந்த மூக்கு இருக்குமே, அந்தப் பொண்ணு" என்கிறது. அது அவள் காதில் விழுந்தது. அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அவள் வரச் சொல்லி, நாளைக் காலை பை டாக்டர் வருகிறான். படிப்பும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் மூக்கை எடுப்பாக்க ஊசி போடுகிறவன். அவன் எதையும் கேட்பதில்லை. சந்தை முனையில் பழம் விற்கிற பெண் அவனிடம்தான் போட்டுக்கொண்டாள்; ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. கதவுக்கு வெளியே நின்று இதைச் சொன்னேன். "நல்லதுதானேப்பா, கண்ணாடியில பாதி அசிங்கந்தான் தெரியும்" என்றாள். ராம்பை அவள் அறை வாசலில் வைக்கிற சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே இருக்கிறது. எனவே ராம்பை நேரில் கொண்டுவரும் இக்கடிதம் கண்டதும், தாங்கள் இன்று மாலைக்குள் அவளைத் தொலைபேசியில் அழைத்து, நாங்களே செய்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கேள்வி ஒன்றும் வேண்டாம். நானும் அங்கே வந்து உட்காரப் போவதில்லை. இந்த வயதில் என்னை உட்கார வைத்து என்னத்தைக் கேட்கப் போகிறீர்கள், நான் என்ன தப்பு பண்ணிவிட்டேன்.

புத்தர், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் அருளால் தங்கள் கை என்றும் நடுங்காதிருக்கட்டும். தங்கள் வாசலில் கூட்டம் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தாவோன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கதவைத் தட்டினேன். வழக்கமான பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, புத்த பிக்கு பார்த்து வைத்த பெயரை, "சிரிலக்" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "பேங்க்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களாப்பா?" என்றாள். அந்தப் பெயரில் அவளை வெளியாட்கள்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். "யாரும் வரல. நான்தான்" என்றேன். தாழ்ப்பாள் திறந்தது. முகமெல்லாம் வீங்கி நின்றவள், "இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன், கொஞ்சம் மெதுவாக. கைபேசியை நீட்டி, "நாளைக்கு வர வேணாம்னு அந்தாளுகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வருகிறேன்; என்னை விசாரிப்பதைப் பார்க்க அவளும் வருகிறாளாம். ஒரே ஒரு விண்ணப்பம். அழகாக இருக்கிறாய் என்று அங்கே யாரும் அவளிடம் சத்தமாகச் சொல்லிவிட வேண்டாம். ஆவிகள் கேட்டுக்கொண்டிருக்கும்.