கம்பெனி பஸ்ஸில் ஏறிய சாட்சி

ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்கு பஸ் என்பது வண்டி இல்லை, படுக்கிற பாய். ஏறுவோம், ஜன்னலில் தலையைச் சாய்ப்போம், கம்பெனி கேட் வந்ததும் கண் திறப்போம். இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் வல்லம் வடகால் ரோட்டில் பஸ் நின்றுபோய், எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். என்னையும் உள்ளே வைத்துத்தான் தள்ளினார்கள்.

பிள்ளைகளே, இந்த வித்தை கடல் தாண்டியும் என்னோடு வந்தது. அந்தக் கதையை உங்கள் அம்மா ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருகிறாள். நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில் இருக்கிற ஒரு தமிழ்ச் சபை, ஒரு வார ஊழியத்துக்கு நம் வடக்குப்பட்டு பாஸ்டரை அழைத்தது. கூட ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். பாஸ்டர் என்னைக் கைகாட்டினார். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நசுங்கவேண்டிய என் கை, கர்த்தருடைய கிருபையால் தப்பியது நம் சபைக்கே தெரியும். அதை அங்கே ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பாஸ்டர் அதைப் போனில் வீடியோ எடுத்து வந்து நம் சபையில் போட்டுக் காட்டுவார். இதுதான் ஏற்பாடு.

மைக் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம் சமையலறையில் ஒத்திகை பார்த்தேன். உங்கள் அம்மா தோசை சுட்டபடி கேட்பாள்.

"இன்னாங்க இம்மாம் ஸ்பீடு? ஷிப்ட் முடிஞ்சு ஓடறவன் மாதிரி பேசறீங்க. நிறுத்திச் சொல்லுங்க."

"சரி."

"கைய ஏன் இப்பிடி ஆட்டறீங்க? சட்னி மேல படப்போவுது. மெஷின்ல தப்பிச்ச கை மிக்சில மாட்டிக்கப் போவுது!"

ஆனாலும் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "எங்க வூட்டுக்காரரு வெளிநாட்டுல பிரசங்கம் பண்ணப் போறாரு." (சாட்சிதான். பிரசங்கமாக வளர்த்தது அவள்.) நான் சொதப்பினால் எனக்கு மட்டுமா அவமானம்? அவள் அந்தத் தெருவில்தானே தண்ணீர் பிடிக்க வேண்டும்?

அந்த ஞாயிறும் வந்தது. மலேசியாவில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் வாசலுக்கு சபையின் வேன் காலையிலேயே வரும் என்றிருந்தார்கள். பாஸ்டர் குளித்துக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தார். "பிரதர், நீங்க முன்னாடி போங்க. வேன் வந்தா வுட்றாதீங்க!"

நான் விடவில்லை.

கீழே போய் நின்றேன். ராத்திரி முழுக்க சாட்சியை மனப்பாடம் செய்ததில் கண் எரிந்தது. ஒரு வெள்ளை வண்டி சரியாக என் முன்னால் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர், 'சீக்கிரம் ஏறு' என்று கையை ஆட்டினார். உள்ளே எல்லாரும் சாம்பல் நிற டி-ஷர்ட். நான் போட்டிருந்த ஊழிய டி-ஷர்ட்டும் சாம்பல் நிறம். எல்லாரும் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளே, அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சபை வேனில் இத்தனை பேர் எதற்கு என்று யோசிக்க வேண்டியது மூளை. ஆனால் ஏறியது கால். பின்பக்க ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். முன்னால் போனவர்கள் கழுத்து அட்டையை மெஷினில் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். நானும் என் கழுத்து அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நம் கேட்டில் செய்வது போலவே அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். மறுபடியும் சிவப்பு.

அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். ஒரு சிலுவை, என் பெயர், கீழே அந்தச் சபையின் முகவரி.

தூக்கம் ஒரே நொடியில் பறந்துவிட்டது. பாஸ்போர்ட் பாஸ்டரிடம் இருந்தது. என் போனில் அந்த ஊர் சிம் இல்லை. ஆராதனை நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற நேபாளத்துக்காரர் என்னமோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், ஊழியத்துக்கென்று பாஸ்டர் சொல்லிக்கொடுத்த ஒரே வரிதான். அதைச் சொன்னேன்: நற்செய்தி சொல்ல வந்திருக்கிறேன்.

அவர் உடனே இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டார்.

நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். பெயர் முருகேசன், ராமநாதபுரத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, தமிழாளா? எந்த ஏஜென்ட்டு உங்கள ஏத்தி விட்டது?"

"ஏஜென்ட் இல்லப்பா. நானே ஏறிட்டேன்."

"நீங்களேவா! இந்தக் கம்பெனிக்கு ஆசப்பட்டு ஏறுன மொத ஆளு நீங்கதாண்ணே."

முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கூட இருந்த இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அவர்களும் நம் நாட்டுக்காரர்கள்தான். மூவரும் காவலாளியிடம் கையைக் கன்னத்தில் வைத்து, தூங்குவது போல நடித்துக் காட்டி, என்னை மீட்டார்கள். வீடு திரும்பும் ஆட்களோடு அதே பஸ் கிளம்பியது. அட்டையிலிருந்த முகவரி போகிற வழிதான்.

"நீங்க போய்ப் படுங்கப்பா, ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க. நான் எறங்கிக்கிறேன்," என்றேன்.

"அதெல்லாம் ஆகாதுண்ணே. உங்க ஆளுக கையில ஒப்படைச்சாத்தான் எங்களுக்கு நிம்மதி. இல்லேன்னா எறங்குன எடத்துலயே வேற பஸ்ஸுல ஏறிருவீக."

பஸ் ஓடியது. மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஊழியத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? கர்த்தரே இதற்காகத்தான் என்னை இந்த பஸ்ஸில் ஏற்றினார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "தம்பிகளா, ஒருநாள் பிரஸ் மெஷின்ல என் கை..."

முருகேசன் குறட்டை விட்டார். மற்ற இருவரும் அதற்கு முன்பே தூங்கிப் போய்விட்டார்கள். (நைட் ஷிப்ட் முடித்தவனிடம் மெஷின் கதை சொன்னால் வேறென்ன நடக்கும்?) அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் சபை வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தபோது, நாலு பேருமாகத்தான் கண் விழித்தோம்.

உள்ளே ஆராதனை முடிகிற நேரம். சபையே முழங்காலில் நின்று காணாமல் போன எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்ததும் காதோரமாகத் திட்டினார். அதோடு விட்டிருக்கலாம். "பிரதர் இப்போ சாட்சி சொல்வார்," என்று மைக்கைக் கொடுத்து, போனையும் தூக்கிப் பிடித்துவிட்டார்.

ஒரு மாதம் மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட வரவில்லை. எதிரே பார்த்தேன். கடைசி பெஞ்சில் அந்த மூன்று பேர், கழுத்து அட்டைகூடக் கழற்றாமல், எழுந்து போகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்... தூங்கிட்டேன்," என்றேன். "அவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க."

அவ்வளவுதான் என் சாட்சி. சபை முழுக்கச் சிரித்தது. அங்கேயும் பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள், புரியாமலா இருக்கும்? ஆராதனை முடிந்ததும் அந்த மூவரையும் பிடித்து உட்காரவைத்துப் பிரியாணி போட்டார்கள். கையை அலம்பியபோதுதான் முருகேசன் சொன்னார், ஊரை விட்டு வந்தபிறகு ஒருவர் பக்கத்தில் நின்று பரிமாறி அன்றுதான் சாப்பிட்டாராம். அதற்கடுத்த ஞாயிறும் மூவரும் வந்தார்களாம். சாப்பாட்டுக்கா, ஆராதனைக்கா என்று அந்த ஊர் பாஸ்டர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போகப்போகப் பாட்டுக்குத் தாளம் தட்டுகிறார்கள் என்று மட்டும் செய்தி வந்தது.

வீடியோவை நம் சபையில் போட்டுக் காட்டினார்கள். தெருவில் தலைகாட்ட முடியாது, உங்கள் அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவளோ எழுந்து நின்று, பெருமையாகவே சொன்னாள்.

"ஊர்ல எல்லாரும் பேசிப் பேசி ஆளக் கூட்டியாருவாங்க. எங்க வூட்டுக்காரரு தூங்கியே மூணு பேர கூட்டியாந்துட்டாரு!"

அன்றிலிருந்து வீட்டு ஜெபத்தில் நான் கொஞ்சம் நீட்டினால் போதும், பெரியவள் ஜெனி ஒரு கண்ணைத் திறந்து தலையணையை என் பக்கம் தள்ளுகிறாள்.

"அப்பா, பேசனது போதும். படுத்துக்கோ. நாலு பேரு வரட்டும்."