எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் குறித்து

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தோள்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் வலி குறையவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் உங்கள் தம்பியைப் பற்றி எழுதாமல் அதை எழுத முடியாது.

நான்கு மாடி ஏற இனி என்னால் ஆகாது என்று ஊரின் மறுகோடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்றார் வீட்டுக்காரர். உங்கள் தம்பியும் குழாய்களைத் திறந்து மூடிப் பார்த்துத் திருப்திப்பட்டார். அன்று மாலைதான் அவருடைய கிளினிக்குக்குக் கடைவாய்ப் பல் அடைக்க ஒரு கணக்குப் பேராசிரியர் வந்து தொலைத்தார். நம் வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டவர், மரத்துப்போன வாயோடு, "டாக்டர், 73939133 பகா எண். தன்னையும் ஒண்ணையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. கடைசி இலக்கத்தை எடுத்துடுங்க, மிச்சமும் பகா எண்தான். இன்னொண்ணை எடுங்க, அப்பவும் அப்படித்தான், 7 மட்டும் நிக்கிற வரைக்கும். இந்த வகையில இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல்லைப் பிடுங்கியே பிழைக்கும் மனிதருக்கு வேறென்ன வேண்டும்? "ஒவ்வொண்ணாப் பிடுங்கு, மிச்சமெல்லாம் ஆடாம நிக்குது பாரு! இப்படி ஒரு வாயை நான் பார்த்ததே இல்லை" என்கிறார். புது வீட்டுப் பகுதிக்கு இந்த எண் வராதாம். அப்படியானால் நானும் வரவில்லை என்கிறார் இவர்.

எதையும் கேட்டவுடன் நம்புகிறவள் நான் இல்லை. எதனாலாவது வகுத்துக் காட்டிவிட்டால் வீடு மாறலாமே என்று, 7393 வரை வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினேன். பதின்மூன்று, பதினேழு, நாற்பத்து மூன்று, எதற்கும் மசியவில்லை. எதிரே உட்கார்ந்து, நோயாளியைக் கேட்பது போல, "என்ன, ஆடுதா?" என்கிறார் இவர். நேற்று யாரோ மருந்துக்கடைக்குப் போட வேண்டிய எண்ணைத் தவறாக இங்கே போட்டுவிட்டார்கள். "கடைசியில எட்டு போடணும், நீங்க மூணு போட்டுட்டீங்க. அது வெறும் இரட்டைப்படைங்க. இதை எதாலயும் வகுக்க முடியாது, தெரியுமா?" என்று இவர் ஆரம்பிக்க, "சார், கடை திறந்திருக்கா, இல்லையா?" என்று அந்த மனிதர் இருமிக்கொண்டே கத்தியது அடுப்படி வரை கேட்டது. மானம் போகிறது அண்ணி.

நீங்கள் ஒரு அதட்டல் போட்டால் அடங்குவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிடுங்கள், எண் உங்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கு என் வணக்கம், முழங்கால் மடங்காததால் நின்றபடியே.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் நானே தொலைபேசி அலுவலகம் போனேன். அங்கிருந்த பெண் புது வீட்டுக்கு 58214307 என்று எழுதிக் கொடுத்தாள். "இது மூணால வகுபடுமேம்மா" என்று வாயில் வந்துவிட்டது. "மேடம், டயல் பண்ணத்தானே போறீங்க?" என்றாள். வேறு கேட்டேன். அடுத்தது ஐந்தில் முடிந்தது, கொஞ்சமும் கூச்சமில்லாமல். அதற்கடுத்ததை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன், ஏழிலேயே விழுந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான்கு மாடியும் ஏறி வந்தேன். நீங்கள் அதட்ட வேண்டாம். அவருக்காக நான் விட்டுக்கொடுத்தேன் என்று உருகிக்கொண்டிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும்.