கோணல் கேமரா

"நிமிர்ந்து உட்காரவும்" என்று கேமரா மறுபடியும் கத்தியது.

"நேராத்தானுங்க உட்கார்ந்திருக்கேன்" என்று அதனிடமே மன்றாடினார் ஈஸ்வரமூர்த்தி.

துடியலூர் மில் முதலாளி கண்ணையாவின் கார் டிரைவர் அவர். டிரைவர் கோணலாக உட்கார்ந்தால் எச்சரிக்கும் அந்தக் கேமராவை முதலாளியின் மகன் பவன் மாட்டி ஒரு மாதமாகிறது. நேற்றுவரை சும்மா இருந்த சனியனுக்கு இன்று காலையிலிருந்து வாய் ஓயவில்லை.

"கேமரா கோணலுங்க, தம்பி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் பக்கத்தில் இருந்த பவன். "நாளைக்கும் இப்படியே இருந்தா, வேற டிரைவர்தான் பார்க்கணும்."

ஈஸ்வரமூர்த்தி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

பின்சீட்டிலிருந்து கண்ணையா பரிந்து பேசினார். "நான் இடப்பக்கம் உட்கார்றேன். நான் பேசினா மரியாதைக்கு இந்தப் பக்கம் சாய்ஞ்சு 'சொல்லுங்க'ம்பாரு. ஊறிப்போன பழக்கம், உடனே போகுமா?"

அதனால் முதலாளி பேச்சை நிறுத்தினார். கேமரா நிறுத்தவில்லை. டிரைவரின் இடது இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தார்கள். முழுதாக ஒரு சிக்னல் தாண்டுவதற்குள் அவர் தலையணையோடு சேர்ந்து சாய்ந்தார். துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். "கண் சொக்குகிறது, ஓய்வெடுக்கவும்" என்றது கேமரா. அவமானத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் கேமரா மாட்டும் முகமது ரியாஸ் வந்தான். "ஆளை நிமிர்த்த முடியலீன்னா என்னங்க, கேமராவைச் சாய்ச்சுப்போடலாம்" என்று திருகிவிட்டான். சத்தம் நின்றது. எல்லோரும் அவன் மூளையை மெச்சினார்கள். வேலை தப்பியது என்று ஈஸ்வரமூர்த்தி நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை வழக்கமான டீக்கடையில் ஈஸ்வரமூர்த்தி இறங்கினார். காரை ஓரங்கட்ட ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான் பவன்.

"நிமிர்ந்து உட்காரவும்" என்றது கேமரா.

பவன் கம்பம் மாதிரி நிமிர்ந்தான். அது இன்னும் கத்தியது.

"நேரா உட்கார்ந்தவனைப் பார்த்துக் கத்துது! ரியாஸுக்குப் போன் போடறேன்."

டீக்கடைக்காரி சின்னாத்தாள் கார் ஜன்னலருகே ஓடி வந்தாள். "ஏனுங் தம்பி, கேமராவை உடுங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டியத் திருப்புங்க. டிரைவரண்ணன் வாய் ஒருபக்கமா கோணி டீ ஒழுகுது, இடது கையில கிளாஸ் நிக்கல. நேத்தே ஒழுகுச்சுங்க, பெரிய மனுசன்கிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னு மரியாதைக்குப் பேசாம இருந்துபோட்டேன்."