மாப்பிள்ளைகளைத் திருப்பித் தராத புத்தகம்

“பிழை காணும் வாசகர் தகுந்த ஆதாரத்துடன் எழுதினால் இரண்டு வாரத்துக்குள் பதில் அனுப்பப்படும்.” தலையணை அளவிலான ஓர் ஆங்கிலக் கணினிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த விதி இருக்கிறது. அரச திணைக்களத்தில் தலை நரைத்தவன் நான். இரண்டு வாரம் என்றால் எவ்வளவு காலம் என்பது எனக்குத் தெரியும்.

அந்த விதியை நம்பிய ஒரே மனிதர் ரிஸ்டோர். கொழும்பு வெள்ளவத்தையில் புத்தகங்களை அவரளவுக்குச் சித்திரவதை செய்தவர் வேறெவரும் இல்லை. எங்கள் திணைக்களத்தின் தரவுத்தளத்தைப் பராமரித்தவர். அழிந்த பதிவுகளை மீட்பதற்குக் கணினிக்காரர் சொல்லும் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. குடியிருப்பில் எனக்கு நேர் மேல்வீடு.

தரவுத்தள வேலையைத் தொடங்கக் கற்பிக்கும் புத்தகங்கள் மலிந்து கிடக்கின்றன. அதற்கு மேல் படிக்க விரும்புகிறவன்தான் அலைய வேண்டும். ரிஸ்டோர் சனிக்கிழமைதோறும் மருதானைப் பழைய புத்தகக் கடைக்குப் போய், ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து திறந்து, மீட்பு பற்றிய அத்தியாயத்தை மட்டும் வாசிப்பார்.

“சேமிக்கிறதப் பற்றி எல்லாரும் நீட்டி முழக்குவாங்கள், சேர். போனதைக் கொண்டுவாறது எப்பிடி எண்டால் ரெண்டு பக்கத்தில முடிச்சிடுவாங்கள்.”

வாங்கியவற்றையும் சோதனைக்குப் பின் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுப்பார். கடைக்கார நானா ஒருமுறை பொறுமையாகக் கேட்டார்: “சேர், நீங்க புத்தகம் வாங்க வாறீங்களா, போஸ்ட்மோட்டம் செய்ய வாறீங்களா?”

சோதனை இதுதான். வீட்டுக் கணினியில் ஒரு தரவுத்தளத்தை அழிப்பார். இருக்கும் ஒரே பிரதியையும் பாதி பழுதாக்குவார். பிறகு புத்தகத்தை மட்டும் பார்த்து மீட்க வேண்டும். விளையாட்டுத் தரவில் செய்யக்கூடாதா என்று கேட்டேன்.

“கை நடுங்காது, சேர். கை நடுங்கேக்க விளங்குற மாதிரி எழுதினவன்தான் எழுத்தாளன்.”

கை நடுங்குவதற்காகத் தன் வருமான வரிக் கணக்கை அழித்தார், வந்தது. குடும்பப் படங்களை அழித்தார். ஒரு மச்சானைத் தவிர எல்லோரும் வந்தார்கள். கடைசியில் மனைவி திலகா சேர்த்து வைத்திருந்த மாப்பிள்ளைகளை அழித்தார்.

மகள் நிவேதாவுக்காக லண்டன், டொரன்டோ, மெல்பேர்ன் என்று திரட்டிய சாதகங்கள், படங்கள், தொலைபேசி இலக்கங்கள். கணவரின் கணினியை நம்பி, தன் போனில் இருந்தவற்றைத் திலகா எப்போதோ அழித்துவிட்டிருந்தார்.

ஒவ்வொரு சோதனைக்கும் சாட்சி வேண்டும் என்பதால் நானும் பாலில்லாத பிளேன்ரீயோடு பக்கத்தில் இருந்தேன். தலையணைப் புத்தகம் மடியில் விரிந்திருந்தது. நிவேதா பின்னால் வந்து நின்றாள். கொட்டாஞ்சேனையில் பார்மசி வைத்திருக்கும் பெடியன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது குடியிருப்புக்கே தெரியும், தாயைத் தவிர.

“அப்பா, வராட்டிலும் பரவாயில்லை.”

ரிஸ்டோர் திரும்பிப் பார்க்கவில்லை. விசைகளை இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு எழுந்தார்.

“வரேல்லை. புத்தகம் சரியில்லை.”

திலகா அன்று பேசியவற்றைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. “புத்தகக்காரனுக்கு எழுதிக் கேளுங்கோ,” என்பதில் மட்டும் உறுதியாக நின்றார். கடிதத்தை என் ஆங்கிலத்தில், என் மின்னஞ்சலிலிருந்து எழுதினோம். ஆதாரமாக, அன்று செய்த ஒவ்வொன்றையும் கணினி தானே எழுதிவைத்த செயற்பதிவை ரிஸ்டோர் இணைத்தார். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு வாரம் போனது, மாதங்கள் போயின. மாப்பிள்ளைகள் இல்லாத அந்த இடைவெளியில் கொட்டாஞ்சேனைப் பெடியன் திலகாவின் மூட்டுவலிக்குத் தைலம் கொண்டுவரத் தொடங்கினான். தைலம் வேலை செய்தது. சரியில்லாத புத்தகத்தை ரிஸ்டோர் மருதானைக்குத் திருப்பிக் கொண்டு போகவில்லை என்பதை நான் கவனித்தேன்.

பதில், நிவேதாவுக்கும் அந்தப் பெடியனுக்கும் கலியாணம் நடந்த மண்டபத்தில் என் போனுக்கு வந்தது. “செயற்பதிவைப் பரிசோதித்தோம். மீட்பு வெற்றிகரமாக முடிந்துள்ளது. எல்லாப் பதிவுகளும் திரும்பி வந்தபின் உங்கள் கையாலேயே அழிக்கப்பட்டுள்ளன. எங்கள் புத்தகத்தில் என்ன பிழை?”

மனைவிக்குப் பொய் சொல்லத் துணிந்த மனிதர் செயற்பதிவில் ஒரு வரியைக் கூடத் திருத்தவில்லை.

பட்டு வேட்டியில் தடுக்கியபடி ரிஸ்டோர் என்னிடம் வந்தார். திலகா இரண்டடி பின்னால்.

“புத்தகக்காரன் பதில் போட்டவனோ, சேர்?”

“இன்னும் இல்லை,” என்றேன். வந்த பதிலைப் பிரதி எடுக்காமல் அழித்தேன்.

பதில் கிடைத்த திகதியைக் கோப்பில் பதிய வேண்டும் என்பது திணைக்கள விதி. நான் பதியவில்லை. நிவேதாவின் கலியாண நாளை எனக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.